விட்டால் பாடும் பெட்டி

வட்டக்கச்சியில் குகதாசனுக்கு ஊர் வைத்த பெயர் முக்கால். பகிடிக்கு வைத்ததுதான் என்றாலும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திய பெயர். எந்த வேலையைத் தொட்டாலும் முக்கால்வாசி வரை புயலாகப் போவான். அதற்குப் பிறகு இன்னொரு வேலை கண்ணில் பட்டுவிடும். வளவின் பின்பக்கத்தில் காளான் வளர்க்கக் கட்டிய கொட்டிலுக்கு மூன்று பக்கம்தான் சுவர். கோழிக்கூட்டுக்குக் கதவு இல்லை, அதனால் அதில் கோழியும் இல்லை. ஒருமுறை மீசையைப் பாதி வழித்துக்கொண்டிருக்கும்போது படலையில் யாரோ கூப்பிட, அப்படியே எழும்பிப் போய்ச் சங்கக் கடை வரை போய் வந்தவன். இதைச் சொன்னவர் அவனைப் பெற்ற நாகேஸ்வரி, ஆகவே நம்பலாம்.

வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் இருந்தது, அதை உழ ஒரு லாண்ட்மாஸ்டர் இருந்தது. வயல் வேலை இல்லாத நாட்களில் ‘வன்னிச் சாரல்’ இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பான். கலியாணம் மட்டும் இல்லை. பேசிவந்த சம்பந்தங்களும் முக்கால்வாசியில் நின்றுபோயின. அதற்கு அவன் மட்டும் காரணமில்லை என்று நாகேஸ்வரி சொல்வார். ஊர் சிரிக்கும்.

இந்த நிலையில்தான் செட்டிகுளத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சனம் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல பாட்டின் இரண்டாவது சரணத்தில், பாடகி மேல்சுரத்துக்கு வாயைத் திறந்த அந்தக் கணத்தில், ஜெனரேற்றர் நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது. எண்ணெய் ஊற்றும் பொறுப்பு குகதாசனுடையது. அவன் எவ்வளவு ஊற்றியிருப்பான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஊதா நிறச் சேலை கட்டிய ஒருத்தி பந்தியிலிருந்து எழும்பிக் கை கழுவிவிட்டு நேரே மேடைக்கு வந்தாள்.

“மிச்சப் பாட்டு எங்க?” என்று கேட்டாள்.

“எண்ணெய் முடிஞ்சுபோச்சு” என்றான் குகதாசன்.

“பாட்டு முடியேல்லையே.”

அவ்வளவுதான் கதை. அவள் திரும்பிப் போய்ப் பாயாசம் குடித்தாள். குகதாசனுக்கு அன்றைக்கு முழுவதும் வேறு எதுவும் காதில் விழவில்லை. அவனிடம் யாரும் அதுவரை மிச்சத்தைக் கேட்டதில்லை. எல்லோரும் முக்காலோடு விட்டுவிட்டுச் சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் பெயர் தயாளினி. செட்டிகுளத்தில் ஒரு நூலகத்தில் வேலை. பாதி வாசித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களிடம், “கடைசியில என்ன நடந்தது, சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டு மானத்தை வாங்குபவள் என்று பெயர். இந்த விபரமெல்லாம் தந்தவன் சஜீவன். இசைக்குழுவில் டிரம்ஸ் அடிப்பவன், தயாளினிக்குப் பெரியம்மாவின் மகன். நடுவில் நின்று கதை கொண்டுபோகிற வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். நல்ல மனம்தான். ஆனால் அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். சும்மா ‘நல்ல பெடியன்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதோடு நில்லாமல், குகதாசன் அண்ணை ஜேர்மனியிலிருந்து வந்த ஐம்பது வருடப் பழைய வாத்தியம் ஒன்றுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், இலங்கையிலேயே அப்படி ஒன்று இல்லை என்றெல்லாம் அவிழ்த்து விட்டிருக்கிறான்.

“உயிர் குடுத்து முடிஞ்சுதோ?” என்று கேட்டிருக்கிறாள் தயாளினி.

“முக்கால்வாசி முடிஞ்சுது” என்றிருக்கிறான் சஜீவன். பழக்க தோஷம்.

அவள் சிரிக்கவில்லையாம். “அந்தப் பெட்டியில ஒரு பாட்டைத் தொடங்கி, நடுவில நிக்காமல் முடிச்சுக் காட்டட்டும். அப்பாவோட வந்து கேக்கிறன். பேந்து மிச்சம் கதைப்பம்” என்று சொல்லி அனுப்பினாள். அறுவடை முடிந்த பிறகு வருவதாகப் பேச்சு. குகதாசனுக்கு ஒரு போகம் அவகாசம் கிடைத்தது.

உண்மையில் அந்தப் பெட்டி அப்போது ஒரு பழைய சேலைக்குக் கீழே செத்துக் கிடந்தது. ஜேர்மனியிலிருக்கும் அத்தான் ஏதோ பழைய சாமான் சந்தையில் கண்டு, கப்பலில் அனுப்பிவைத்தது. கூடவே வட்டக்கச்சி வெயிலுக்குத் தோதாகக் கம்பளிக் கோட்டுகளும் வந்தன. மரச் சட்டம் போட்ட பெட்டி, நெல்மூட்டைப் பாரம், முகம் முழுக்கத் திருகு குமிழ்களும் ஓட்டைகளும். “இதென்ன, ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ?” என்று கேட்டார் நாகேஸ்வரி. சிந்தசைசர் என்று குகதாசன் விளங்கப்படுத்தினான். சத்தத்தை எங்கேயிருந்தும் பதிந்து எடுக்காமல் மின்சாரத்திலிருந்தே பிசைந்து உருட்டிச் செய்கிற வாத்தியம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஆனால் வருகிற அந்த ஒன்று, நெஞ்சுக்குள் புகுந்து கதிரை போட்டு உட்காரும்.

அவனுக்கு முதலில் இருந்த ஓகன் வாத்தியத்தைச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது பொலித்தீனில் சுற்றி முற்றத்தில் குழி வெட்டித் தாட்டுவிட்டுப் போனார்கள். செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டினபோது கறையான் இருந்தது, ஓகன் இல்லை. வீட்டுக் கூரை போனதற்கு அழாதவன் அதற்கு அழுதான். அதனால் இந்தப் பெட்டியைத் திறக்குமுன் கறையான் இருக்கிறதா என்று நாலு பக்கமும் தட்டிப் பார்த்தான். திறந்து பார்த்தால் விரலால் அமத்துகிற, பெட்டியின் சொந்தக் கட்டைகள் முழுவதும் கடற்காற்றில் துருப்பிடித்துப் பல்லிளித்தன. உள்ளே இருந்ததெல்லாம் சுகம். வாய் இருந்தது, கைதான் இல்லை.

கையை வேறு இடத்திலிருந்து கொண்டுவரலாம் என்று குகதாசன் படித்தறிந்தான். அவனிடம் இருந்த புதிய கீபோர்டிலிருந்து அந்தப் பழைய பெட்டியை வாசிக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. புதிய கீபோர்ட் மிடி என்ற முறையில் பேசும். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டது என்று எல்லாவற்றையும் இலக்கங்களாக அனுப்பும். பழைய பெட்டிக்கு இலக்கம் ஒன்றும் விளங்காது, அதற்கு விளங்குவது மின்சாரம் மட்டும். ஒரு வோல்ற் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும், குறைந்தால் கீழே வரும். அதற்கு ஒரு கம்பி. ‘இப்போது பாடு, இப்போது வாயை மூடு’ என்று சொல்ல இன்னொரு கம்பி. ஆகவே நடுவில் உட்கார்ந்து இலக்கத்தை மின்சாரமாக மொழிபெயர்க்க ஒரு குட்டிப் பெட்டி வேண்டும். அதைச் சீனாவிலிருந்து தருவித்தான்.

குட்டிப் பெட்டி தபாலில் வந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அதன் முதுகில், நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சுவிட்ச். பழைய வாத்தியங்களில் சில, மின்சாரம் வந்தால் பாடும். வேறு சில, மின்சாரம் நின்றால் பாடும். எது எந்த ரகமோ அதற்கேற்ப அந்தச் சுவிட்சைத் தள்ளவேண்டும். குகதாசன் பார்த்தான். தொழிற்சாலையில் வைத்தபடியே சரியான பக்கத்தில்தான் இருந்தது. திருப்தியோடு மேசையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.

புதிதாக வாங்கிய எதுவும், அது லாண்ட்மாஸ்டரானாலும் கிரைண்டரானாலும், நாகேஸ்வரியின் சந்தனப் பொட்டு வாங்காமல் அந்த வீட்டில் ஓடாது. அவர் குட்டிப் பெட்டியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார், கற்பூரம் காட்டினார், சந்தனத்தைத் தொட்டார். முன்பக்கம் முழுக்க விளக்கும் ஓட்டையுமாக இருந்தபடியால், திருப்பி, முதுகில் வெளியாக இருந்த இடத்தில் பெருவிரலை வைத்து, பக்தி எவ்வளவோ அவ்வளவு அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார். மேலே குங்குமம். பொட்டுக்குக் கீழே சுவிட்ச் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டது. சந்தனம் காய்ந்து அதை அந்த இடத்திலேயே இறுக்கிக்கொண்டது.

இது நடந்தது எங்களுக்குத் தெரியும். குகதாசனுக்குத் தெரியாது. நாகேஸ்வரிக்கும் தெரியாது.

அவன் கம்பிகளைக் கொளுவி, அம்பிளிஃபயரைப் போட்டு, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். கையை வைக்கவேயில்லை, பெட்டி ஓலமிடத் தொடங்கியது. கன்றைத் தொலைத்த எருமையும் ரயிலும் சேர்ந்து அழுதமாதிரி ஒரு சத்தம். நாகேஸ்வரி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். குகதாசன் பதறிப்போய்க் கண்டபடி ஒரு கட்டையை அமத்தினான். பெட்டி கப்பென்று வாயை மூடியது. விரலை எடுத்தான். ஓலம். அமத்தினான். மௌனம்.

“தொட்டால் பேசாமக் கிடக்குது, விட்டால் கத்துது” என்றார் நாகேஸ்வரி. “உன்ர அப்பரைப் போல.”

அடுத்த வாரங்களில் அவன் செய்யாத வைத்தியம் இல்லை. கம்பி மாற்றினான். மண்ணுக்கு எர்த் அடித்தான். அத்தானுக்கு வீடியோ எடுத்து அனுப்பினான். “இங்க வேலை செய்ததடாப்பா, அங்கத்தைய கரண்ட்தான் பிழை” என்று அத்தான் எழுபதுகளின் கரண்டைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். சஜீவன் வந்து பார்த்து, பெட்டிக்குக் குளிர் பழக்கம் என்றும் கம்பளிக் கோட்டை எதிர்ப்பக்கமாகப் போடவேண்டும் என்றும் சொன்னான். எதிர்ப்பக்கம் என்றால் எது என்று அவனுக்கே தெரியவில்லை. “சுவிட்சைப் பாத்தியோ?” என்று அத்தான் ஒருமுறை கேட்கத்தான் செய்தார். “அதை நான் முதல் நாளே பாத்திட்டன்” என்றான் குகதாசன். இந்த ஒரு வசனத்தால் கெட்டுப்போன ஆம்பிளைகளின் தொகை கொஞ்சமல்ல. பொட்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமிக்குக் காட்டி வைத்த பொட்டை யார் சுரண்டுவது?

நிற்பாட்டி வைக்கவும் வழியில்லை. பழைய பெட்டி சூடாகிச் சுருதி நிலைக்கு வரவே நெடுநேரம் பிடிக்கும், நிற்பாட்டினால் மறுபடி முதலிலிருந்து. அம்பிளிஃபயரில் சத்தம் குறைக்கும் குமிழை அவன் ஒருமுறை முக்கால்வாசி திருத்தியிருந்தபடியால் அதுவும் குறையாது. ஆகவே வாசிக்காத நேரங்களில் அதை அமைதியாக வைத்திருக்கக் குகதாசன் ஒரு வழி கண்டான். கீபோர்டில் ஒரு கட்டையின் மேல் ஒரு தேங்காயை வைத்தான். பாரம் சரி, உருளாமல் இருக்கக் குடுமி பக்கத்துக் கட்டையில் முட்டிக்கொண்டது. தேங்காய் இருக்கும் வரை பெட்டி பரம சாது. ஒருநாள் சம்பலுக்குத் தேங்காய் இல்லையென்று நாகேஸ்வரி அதைத் தூக்கிவிட்டார். அன்றைக்கு எழுந்த ஓலத்துக்கு வயலில் மேய்ந்த மயில்கள் பதில் சொல்லிக்கொண்டே வீட்டுக் கூரைக்கு வந்துவிட்டன. பக்கத்து வயல்காரர், மயில் நெல்லை விட்டுப் போனதற்காக நன்றி சொல்லிவிட்டு, இனி ஒவ்வொரு நாளும் சம்பல் இடிக்கச் சொல்லிக் கேட்டுப் போனார்.

ஆனால் பாட்டு? பாட்டுத்தானே முக்கியம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, முக்காலின் பெட்டியும் முக்காலில் நிற்கும் என்று. குகதாசன் ஒருநாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு எதிரே இருந்தான். தயாளினி மேடைக்கு வந்து கேட்ட கேள்வி மனதில் ஓடியது. பிறகு சொன்னான்: “அது திருந்தாதெண்டால் நான் திருந்திறன்.”

தலைகீழாக வாசிக்கப் பழகத் தொடங்கினான். சுரம் வரவேண்டிய இடத்தில் கட்டையைச் சுண்டிவிட்டுக் கையைத் தூக்கவேண்டும், தூக்கியதும் பாடும். மூச்சு விடும் இடத்தில், மௌனம் வேண்டிய இடத்தில், அடுத்த கட்டையை அமத்திப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். வாழ்க்கை முழுக்க அமத்தினால் சத்தம் என்று பழகிய விரல்களுக்கு இது பெரிய அநியாயம். முதலில் விரல்கள் பின்னின. பிறகு குழம்பினான். லாண்ட்மாஸ்டரில் கிளச்சைப் பிடிக்கவேண்டிய இடத்தில் விட்டு, விடவேண்டிய இடத்தில் பிடித்து வாய்க்காலுக்குள் இறங்கினான். படலையின் மணியை அமத்திவிட்டுக் கையை எடுத்தால்தான் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றான். ஆனால் விடவில்லை. விதைத்தான், பழகினான். களை பிடுங்கினான், பழகினான். கதிர் முற்றி மஞ்சளானபோது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை, ஒரு சுரமும் பிசகாமல், முழுக்கத் தலைகீழாக வாசித்தான். அவன் வாழ்க்கையில் அவன் முடித்த முதல் காரியம் அது. முடித்த மகிழ்ச்சியில் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட, பெட்டி ஓலமிட்டது.

வரும் நாளுக்கு நேரம் குறிக்கும் விசயத்தில் வீட்டில் சண்டை. நாகேஸ்வரி பஞ்சாங்கத்தைப் பார்த்து மத்தியானத்துக்குப் பிறகு நல்ல நேரம் என்றார். வெயில் ஏற ஏறப் பெட்டியின் சுருதியும் ஏறும், மத்தியானம் வாசித்தால் பாட்டு கூரைக்குப் போய்விடும் என்றான் குகதாசன். “ராகுகாலத்தைப் பற்றி ஒண்டும் சொல்லாதை, அம்மா, எனக்குச் சூடுகாலம்தான் பயம்” என்றான். கடைசியில் காலையில் வரச் சொன்னார்கள்.

அன்று விடிந்ததும் நாகேஸ்வரி வீட்டைக் கூட்டி, மெழுகி, சாமி கும்பிட்டார். பெண் வீட்டார் முதன்முதல் படலைக்குள் வருகிற நாள். காய்ந்து கறுத்துப்போன பொட்டுகளோடு சாமான்கள் நிற்பது அழகா? ஈரத் துணியை எடுத்தார். பிரிட்ஜ், கிரைண்டர், தையல் மெசின், லாண்ட்மாஸ்டர் என்று எல்லாவற்றிலும் பழைய பொட்டை அழுத்தித் துடைத்துப் புதுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், குட்டிப் பெட்டியையும் எடுத்துத் துடைத்து, இந்த முறை சற்றுத் தள்ளிப் புதுப் பொட்டை வைத்தார். துடைத்த துடையில் சுவிட்ச் தொழிற்சாலை வைத்த பக்கத்துக்கே திரும்பிப் போனது.

அந்த நேரம் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது, தேங்காய் அதன் இடத்தில் இருந்தது. சுவிட்ச் திரும்பியதும் பெட்டி வீரிட்டது. ‘தேங்காய் சரியா இருக்கேல்லை’ என்று நினைத்து நாகேஸ்வரி அதைத் தூக்க, பெட்டி அடங்கிவிட்டது. தேங்காய் இல்லாமலேயே அடங்கிவிட்டது! புதுப் பொட்டின் மகிமையை எண்ணி அவருக்கு மெய்சிலிர்த்தது. மேலே சேலையைப் போர்த்திவிட்டு, தேங்காயைக் கொண்டுபோய் உடைத்துச் சம்பலுக்குத் துருவினார். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த குகதாசனுக்கு ஒரு சின்ன ஓலம் கேட்டது. தேங்காய் நழுவி, அம்மா எடுத்து வைத்திருக்கிறா என்று எண்ணிச் சோப்பைப் போட்டான்.

வாடகை வான் படலையில் வந்து நின்றது. சஜீவன் முதலில் குதித்தான். பின்னால் தயாளினி, அவளுக்குப் பின்னால் தகப்பனார் ராஜரத்தினம். அவர் அதிகம் பேசாத மனிதர். அவருடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் காடு வெட்டிக் குடியேறியது. எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அந்த வீட்டாரைப் பற்றி முடிவுக்கு வருவார்.

“வாங்கோ, இருங்கோ. பயணம் தூரமே?” என்றார் நாகேஸ்வரி. “செட்டிகுளம் எண்டால் எனக்கு முகாமும் முள்ளுக்கம்பியும்தான் தெரியும். கம்பிக்கு அங்கால வடிவான ஊர் எண்டு இப்பதான் கேள்விப்படுறன்.”

“அங்கால நாங்கள்தான் இருந்தனாங்கள்” என்றார் ராஜரத்தினம். ஒரு வாய் குடித்தார். “நல்ல சாயம்” என்றார். நாகேஸ்வரிக்கு உயிர் வந்தது.

குகதாசன் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். தயாளினி நேரே விசயத்துக்கு வந்தாள். “அதுதானோ பெட்டி?”

“ஓம்.”

“முழுசா வாசிப்பீங்களோ?”

“முழுசா வாசிப்பன்” என்றான். இதைச் சொல்ல அவன் ஒரு போகம் காத்திருந்தான். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. கண்கட்டு வித்தைக்காரன் மாதிரிச் சேலையை ஒரு வீச்சில் உருவினான்.

தேங்காய் இல்லை. ஓலமும் இல்லை.

பெட்டி செத்துவிட்டதா? சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்க நேரமில்லை. பழகியபடி தொடங்கினான்.

அன்று அந்த வீட்டில் கேட்டதைப் போல ஒன்றை வன்னி அதற்கு முன் கேட்டதில்லை. சுரங்கள் வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘டிக்’, ‘டிக்’ என்று சுண்டல். பாடகர் மூச்சு விடும் இடத்திலெல்லாம், அவன் மௌனத்துக்காக அமத்திப் பிடித்த இடத்திலெல்லாம், முழுத் தொண்டையில் ஓலம். பாட்டை உரித்துத் தோலை மட்டும் பரிமாறியது மாதிரி. சஜீவன் கதிரைக்குக் கீழே விழுந்த எதையோ தேடுபவன் போலக் குனிந்துகொண்டான். ராஜரத்தினம் தேத்தண்ணீர்க் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மயில்கள் கூரையில் இறங்கின.

குகதாசன் கையை எடுத்தான். பெட்டி அமைதியானது. கையை எடுத்தால் அமைதியாகிறது! அமத்தினான், பாடியது. அவன் கண் பெட்டியிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து குட்டிப் பெட்டிக்குப் போனது. எடுத்துத் திருப்பினான். ஈரம் காயாத புதுப் பொட்டு, அதன் ஓரத்தில் வெள்ளையாக எட்டிப் பார்த்துக்கொண்டு சுவிட்ச்.

ஒரு போகம். விதைப்பிலிருந்து அறுவடை வரை. அவனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

“என்ன தம்பி, கரண்டோ?” என்றார் ராஜரத்தினம்.

“ஒரு நிமிசம், ஐயா.” நகத்தால் சுவிட்சைப் பிழையான பக்கத்துக்குத் தள்ளினான். பெட்டி ஓலமிட்டது. அவனுக்கு அந்த ஓலம் அவ்வளவு இனித்தது. ஒரு கட்டையை அமத்தி அதை அடக்கி, மூச்சை இழுத்து, தூக்கினான்.

இந்த முறை பாட்டு வந்தது. நாகேஸ்வரிக்குக் கண் கலங்கியது. சஜீவன் கதிரைக்குக் கீழிருந்து எழும்பினான். முதல் சரணம், இரண்டாம் சரணம், மேல்சுரம், இறக்கம், கடைசிப் பல்லவி. முடித்தான். முடித்துவிட்டு, ஓலம் எழாமலிருக்க ஒரு கட்டையை அமத்திப் பிடித்தபடியே நிமிர்ந்தான். ராஜரத்தினம் கை தட்டினார். “பாத்தீங்களோ!” என்று சஜீவன் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டான்.

தயாளினி தட்டவில்லை. அவள் பாட்டைக் கேட்கவில்லை, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் கையைத் தூக்கினால் சத்தம் வருது” என்றாள். “இப்ப அமத்திக்கொண்டு நிக்கிறீங்கள், சத்தம் இல்லை. அதென்ன அப்பிடி?”

“அது ஜேர்மன்காரர்...” என்று தொடங்கினான். சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஜேர்மன்காரரைப் பற்றி எதைச் சொன்னாலும் வட்டக்கச்சியில் நம்புவார்கள். சஜீவன் ஏற்கெனவே தலையாட்டத் தொடங்கிவிட்டான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தை முடிக்கக் குகதாசனுக்கு வரவில்லை.

“இல்லை. பிழை” என்றான். “அம்மா பொட்டு வைக்கேக்க சுவிட்ச் மாறிப்போச்சு. எனக்குத் தெரியேல்லை. அது இப்பிடித்தான் எண்டு நினைச்சு நான் தலைகீழாய்ப் பழகிட்டன். இண்டைக்குக் காலமை அம்மா துடைச்சதில அது சரியாப்போச்சு. முதல்ல நீங்கள் கேட்டது, அது சரியா இருக்கேக்க நான் வாசிச்சது. இப்ப கேட்டது, நான் திரும்பவும் பிழையாக்கிப்போட்டு வாசிச்சது.”

நாகேஸ்வரி தன் பெருவிரலைப் பார்த்தார்.

“ஒரு போகம் முழுக்கத் தலைகீழாய்ப் பழகினனீங்களோ?” என்று கேட்டாள் தயாளினி.

“ஓம்.”

“விடாமல்?”

“விட்டால் கத்தும்” என்றான் பரிதாபமாக.

தயாளினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். “சுவிட்சைச் சரியாப் போடுங்கோ. சரியாப் போட்டு வாசியுங்கோ.”

அவன் தள்ளினான். நகத்தில் சந்தனம் ஒட்டியது. பாட்டைத் தொடங்கினான். விரல்கள் தூக்கவேண்டிய இடத்தில் அமத்தின, அமத்தவேண்டிய இடத்தில் தூக்கின. முதல் வரியிலேயே இரண்டு முறை தடுக்கி விழுந்து, மூன்றாவது முறை நின்றுவிட்டான்.

“வராது” என்றான். “விரல் எல்லாம் மாறிப்போச்சு. சரியாப் பழகப் பிழையாப் பழகினதைவிடக் கனகாலம் எடுக்கும்.”

“ஆனாப் பழகுவீங்கள்.”

“பழகுவன்” என்றான். சொல்லிவிட்டு, சொன்னதை நிரூபிக்கிறவனைப் போல ஒரு கட்டையை மெல்ல அமத்தினான். பெட்டி ஒழுங்கான பிள்ளையாக, அமத்தினதற்குப் பாடியது.

தயாளினி தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, இவர் முடிச்சாரோ இல்லையோ எண்டு செட்டிகுளத்தில இருந்துகொண்டு நான் என்னெண்டு அறியிறது? நாள் பாருங்கோ.”

குகதாசனுக்கு விரலை எடுக்க மறந்துபோனது. பெட்டி அந்த ஒரே சுரத்தில் நின்று பாடிக்கொண்டேயிருந்தது. ராஜரத்தினம் பஞ்சாங்கம் எங்கே என்று நாகேஸ்வரியிடம் கத்திக் கேட்கவேண்டியிருந்தது.